கெஃபிர்: குமரி மாவட்ட வீடுகளுக்கான செய்முறை, உறைய வைப்பது முதல் புளிசேரி வரை

கெஃபிர் என்பது தயிரைப் போலவே பாலைப் புளிக்க வைத்து எடுக்கும் பானம்தான். ஆனால் அதற்கு உறையாக நேற்றைய மோரை ஊற்றுவதில்லை. காலிபிளவரின் சிறு பூக்களைப் போலச் சுருண்டு, வெள்ளையாகவும் ரப்பரைப் போல மெதுமெதுப்பாகவும் இருக்கும் மணிகளைப் பாலில் போட்டு வைத்து, பால் கட்டியானதும் வடித்து, அதே மணிகளை அடுத்த பாலுக்கு எடுத்துக்கொள்கிறோம். அந்த மணிக்குள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் பலவகை ஈஸ்ட்டுகளும் ஒரு பசைப்பொருளுக்குள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. தயிரில் பாக்டீரியா மட்டும் வேலை செய்வதால் புளிப்பு மட்டும் வருகிறது. கெஃபிரில் ஈஸ்ட்டும் சேர்வதால் புளிப்போடு நாக்கில் மெல்லச் சுருக்கென்று ஏறும் வாயுவும், மிக இலேசான கள் வாடையும் வருகின்றன. ஆப்பமாவு பொங்கிய காலை நேரத்து அடுக்களை வாசத்தை அறிந்தவர்களுக்கு இந்த வாடை அந்நியமாக இராது.

இது வடக்குக் காக்கேசிய மலைப்பகுதியிலிருந்து ரஷ்யாவுக்கும் பிறகு மற்ற நாடுகளுக்கும் போன பொருள். செய்முறைகளும் பெரும்பாலும் அந்தக் குளிர்நாட்டுக் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. 'அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வையுங்கள்' என்று அவற்றில் படிக்கும்போது, அந்த அறை 20 முதல் 25 டிகிரி வரை உள்ள அறை என்பதை நினைவில் வைக்க வேண்டும். நாகர்கோவிலிலோ குளச்சலிலோ நம் அடுக்களை பெரும்பாலான மாதங்களில் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அந்தச் சூட்டில் 24 மணி நேரம் விட்டால் கெஃபிர் கிடைப்பதில்லை. தண்ணீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்த கடும்புளிப்புதான் கிடைக்கிறது. இங்கே கெஃபிர் செய்வதில் சிரமம் அதைப் புளிக்க வைப்பதில் இல்லை, உரிய நேரத்தில் நிறுத்துவதில்தான் இருக்கிறது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்து வடிக்காதீர்கள். குப்பியைப் பார்த்து வடியுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

மணி கிடைக்கும் வழி

மணியை நாமாக உருவாக்க முடியாது. ஏற்கெனவே வளர்ப்பவர் ஒருவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். மணி பாலில் பெருகிக்கொண்டே இருப்பதால், ஒழுங்காக வளர்ப்பவரிடம் எப்போதும் கொடுக்க மிச்சம் இருக்கும். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் கூரியரில் வரவழைக்கலாம். பாலில் நனைந்தபடி வருவதும் உண்டு, உலர்த்திச் சிறு பொட்டலமாக வருவதும் உண்டு. பொடியாக விற்கப்படும் கெஃபிர் உறை வேறு பொருள். அதில் சில தடவை கெஃபிர் எடுக்கலாம், ஆனால் மணி உண்டாகாது, உறையும் நாளாக நாளாக வலுவிழந்துவிடும். தொடர்ந்து செய்ய நினைப்பவர் மணியைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

உலர்ந்த மணி மஞ்சள் நிறத்தில், பொரிந்த ஜவ்வரிசியைப் போலச் சுருங்கியிருக்கும். அதை எழுப்ப ஒரு வாரம் வரை ஆகலாம். அரை டம்ளர் பாலில் போட்டு, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வடித்து, அதே அளவு புதுப்பாலை ஊற்றி வாருங்கள். முதல் இரண்டு மூன்று தடவை வடிகிற பால் குடிப்பதற்கு உரியதல்ல. அதன் வாடையும் அவ்வளவு நன்றாக இராது. பால் கட்டியாகி, வாடை புளிமோரைப் போல மாறி, மணி வெளுத்துப் பருத்த பிறகுதான் குடிக்கத் தொடங்க வேண்டும். கூரியரில் நனைந்த நிலையில் வந்த மணிக்கும் வழியில் பட்ட சூட்டினால் இதே அலுப்பு இருக்கும் என்பதால், அதற்கும் இரண்டு மூன்று நாள் இளைப்பாறக் கொடுங்கள்.

பாத்திரமும் பாலும்

பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடிக் குப்பி ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே போதும். கண்ணாடியில் உள்ளே நடப்பது தெரியும் என்பதுதான் அதன் முதல் தகுதி. ஊறுகாய்ப் பரணியும் ஆகும் என்றாலும், புதிதாகத் தொடங்குகிறவருக்குக் குப்பியே நல்லது. பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்கும் என்பதால் அவற்றில் கெஃபிரை வைக்கக் கூடாது. எவர்சில்வர் அரிப்பும் (வடிகட்டி) கரண்டியும் பயன்படுத்துவதில் தவறில்லை. வடிக்கும் சில நிமிடங்களில் மணிக்கு எந்தக் கேடும் வராது. குப்பியின் வாயைக் கட்ட, நன்றாகத் துவைத்து வெயிலில் காய்ந்த பழைய துவர்த்திலிருந்து (துடைக்கும் மெல்லிய பருத்தித் துணி) ஒரு துண்டும் ஒரு ரப்பர் வளையமும் வேண்டும். மட்டிப்பழக் குலை தொங்கும் வீடுகளில் பழ ஈ எப்போதும் இருக்கும், அது புளிப்பு வாடையைத் தேடி வரும். ஆகவே துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள்.

பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் எல்லாவற்றிலும் கெஃபிர் வரும். பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம் உள்ளது டோன்டு, 4.5 சதவீதம் உள்ளது ஸ்டாண்டர்டைஸ்டு, 6 சதவீதம் உள்ளது ஃபுல் கிரீம். குடிக்க மட்டும் என்றால் முதலாவது போதும், சமையலுக்கு என்றால் நடுவில் உள்ளதை நான் எடுப்பேன். பக்கத்து வீட்டுக் கறவைப் பால் கிடைப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அதைப் பச்சையாகப் பயன்படுத்தாமல் பொங்கக் காய்ச்சி ஆற வைத்தே ஊற்ற வேண்டும். பச்சைப்பாலில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பது ஒரு காரணம். காய்ச்சிய பால் கட்டியாக உறையும் என்பது இன்னொன்று. ஆறிய பால் என்றால் விரலை வைத்தால் சூடே தெரியாத பால். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல இளஞ்சூட்டில் ஊற்றுகிற பழக்கம் இங்கே வேண்டாம், மணி அதைத் தாங்காது.

முதல் குப்பி

இரவு உணவு முடிந்து அடுக்களையை ஒதுக்கும் நேரத்தில் தொடங்குங்கள். காலையில் எழுந்ததும் பார்க்க வசதியாக இருக்கும். குப்பியையும் கரண்டியையும் வெந்நீரில் கழுவித் துடைத்து, அது ஆறிய பின் ஒரு தேக்கரண்டி மணியைப் போட்டு, 250 மில்லி ஆறிய பாலை ஊற்றுங்கள். வெளியூர்க் குறிப்புகளில் இதே பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி மணி என்று இருக்கும். நம் சூட்டுக்கு அது மூன்று மடங்கு அதிகம். குப்பியில் கால் பங்காவது காலியாக இருக்கட்டும். துணியைக் கட்டி, அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் விழாத அலமாரியில் வையுங்கள். எங்கள் வீட்டில் முதல் இரவு அந்தக் குப்பியைப் பார்த்த அத்தை, 'என்ன மக்கா, பாலுக்குள்ள காலிபிளவர போட்டு வச்சிருக்கே?' என்று கேட்டார். இப்போது காலையில் அதை முதலில் எடுத்துப் பார்ப்பது அவர்தான்.

எட்டு மணி நேரம் ஆனதும் முதல் பார்வை பாருங்கள். குப்பியை இலேசாகச் சாய்த்தால் பால் தண்ணீராக ஓடுகிறதென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. பதத்துக்கு வந்த கெஃபிர், சாய்க்கும்போது குப்பியின் சுவரை விட்டு ஒரே திரளாக மெல்ல நழுவும்; மணிகள் மேலே மிதந்து வந்து, அவற்றைச் சுற்றிப் பால் திரண்டு நிற்கும்; கண்ணாடியோரம் பொட்டுப் பொட்டாகக் காற்றுக் குமிழ் தெரியும். அடிப்பக்கத்தில், சுவரை ஒட்டி, நகக்கண் அளவுக்கு இளமஞ்சள் தண்ணீர்த் தடம் ஒன்றிரண்டு தோன்றும். அந்தத் தடம் தோன்றிய நேரம்தான் வடிக்க வேண்டிய நேரம். தடம் விரிந்து, குப்பிக்குள் வெள்ளைக் கட்டி ஒன்று மஞ்சள் நீரில் மிதப்பதுபோல ஆகிவிட்டால் நேரம் கடந்துவிட்டது. அதனால் அது கெட்டுவிடவில்லை, புளிப்புதான் ஏறியிருக்கிறது. அதற்கும் சமையலில் வேலை உண்டு. இங்கே பதம் வருவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 14 மணி நேரம் ஆகும். பங்குனி, சித்திரை மாதங்களில் எட்டு மணி நேரத்திலேயே வந்துவிடுவதும் உண்டு.

வடிப்பதற்கு முன் குப்பியை மெல்ல ஆட்டி, திரண்டதும் நீரும் கலக்கும்படி செய்து, அரிப்பில் ஊற்றிக் கரண்டியின் பின்புறத்தால் இலேசாகத் தள்ளிவிடுங்கள், மணியை நசுக்காதீர்கள். மணியின் மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பைப் பார்த்ததும் குழாயடியில் கொண்டுபோய்க் கழுவத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். அந்த வழவழப்பும் மணியின் பகுதிதான். குழாய் நீரில் உள்ள குளோரின் அதற்கு ஆகாது, கிணற்று நீரில் வேறு கிருமிகள் கூடச் சேரும். கழுவியே ஆக வேண்டும் என்றால் ஒரு கை ஆறிய பாலில் அலசினால் போதும். வடிந்த கெஃபிரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மணியை அப்போதே புதுப்பாலில் போட்டுவிட வேண்டும்.

சூட்டைச் சமாளிப்பது

ஒரு வாரம் ஒழுங்காகச் செய்து வந்தால், மணி பெருகியிருப்பதையும் பால் முன்னைவிட விரைவாகக் கட்டியாவதையும் காண்பீர்கள். புதிதாகத் தொடங்கியவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நாளுக்கு நாள் புளிப்பு ஏறுகிறதே என்று பாலையும் கடையையும் குறை சொல்வார்கள். குறை பாலில் இல்லை. இரண்டு தேக்கரண்டியாகப் பெருகிவிட்ட மணி அதே 250 மில்லி பாலில் கிடப்பதுதான் காரணம். வாரத்துக்கு ஒருமுறை மணியை அளந்து, ஒரு தேக்கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள், அல்லது பாலைக் கூட்டுங்கள்.

ஈரத்துணி சுற்றி மண்சட்டியில் தண்ணீர் வைத்து அதற்குள் குப்பியை இறக்கினால் குளிரும் என்று பலர் சொல்வார்கள். அது காற்றையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் தோவாளைப் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் அது நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் விரைவாக ஆவியாவதால் சட்டி குளிர்கிறது. கடலோர ஊர்களின் பிசுபிசுப்பான காற்றிலோ, இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) நின்று பெய்யும் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்திலோ துணி ஈரமாகவே கிடக்குமே தவிர குப்பி குளிராது. அங்கே எளிய வழி வேறு: ஆறு மணி நேரம் வெளியே வைத்து, பால் கட்டியாகத் தொடங்கியதும் துணியோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மீதி வேலை அங்கே நிதானமாக நடந்து, மறுநாள் மதியத்துக்குள் பதமாக இருக்கும். புளிப்பு குறைவாகவும், பதம் வழுவழுப்பாகவும் வருவதால், நான் கோடையில் இதையே செய்கிறேன்.

முதல் மாதம் ஒரு காகிதத்தில் ஊற்றிய நேரம், வடித்த நேரம், மழையா வெயிலா என்ற மூன்றையும் குறித்து அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கு அதிலிருந்து தானாகத் தெரிந்துவிடும்.

மூடி வைத்தல்

வடித்த கெஃபிரை, மணி இல்லாமல், மூடியிட்ட குப்பியில் இன்னும் நான்கைந்து மணி நேரம் வெளியே வைத்தால் வாயு கூடி, மணம் ஏறும். ஒரு துண்டு எலுமிச்சைத் தோல், ஒரு ஏலக்காய், அல்லது புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் கிராம்பில் ஒன்றே ஒன்று இதில் போடலாம். கிராம்பு இரண்டானால் பல்வலி மருந்துபோல ஆகிவிடும். இனிப்பு வேண்டுபவர்கள் கருப்பட்டியைப் பாகாக்கி வடிகட்டி, ஆறியபின் இந்தக் கட்டத்தில் சேர்க்கலாம்; மணி கிடக்கும் பாலில் சேர்க்கக் கூடாது. ஆனால் கருப்பட்டி சேர்ந்ததும் ஈஸ்ட்டுக்குத் தீனி கூடுகிறது, வாயுவும் அதற்கேற்பக் கூடும்.

இதை நான் அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதல்ல. கருப்பட்டிப் பாகு சேர்த்த கெஃபிரைக் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி, இரவு முழுவதும் மேசைமேல் மறந்து வைத்துவிட்டேன். விடியற்காலையில் மூடி கூரை ஓட்டில் மோதிய சத்தத்தில் வீடே எழுந்தது. காலண்டர், சுவர், மிக்ஸி எல்லாவற்றின் மேலும் பழுப்பு நுரை. மூடி தெறித்ததால் தப்பினோம். குப்பியே வெடித்திருந்தால் கண்ணாடித் துண்டு பறந்திருக்கும். மூடும்போது மூன்றில் ஒரு பங்கு காலி விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். இரவில் வெளியே வைக்காதீர்கள்.

கெட்டதும் கெடாததும்

மேற்பரப்பில் வெள்ளையாக, மடிப்பு மடிப்பாகப் படரும் மெல்லிய ஏடு ஈஸ்ட் மிகுந்ததன் அடையாளம். அதை எடுத்துவிட்டு, அடுத்த பாலை விரைவாக மாற்றினால் சரியாகிவிடும். பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் எது தெரிந்தாலும், பஞ்சுபோலப் பூசணம் பிடித்தாலும், அழுகல் வாடை வந்தாலும், கெஃபிரையும் மணியையும் சேர்த்தே கொட்டிவிடுங்கள். மணியைக் கழுவிக் காப்பாற்றப் பார்ப்பது வீண் துணிச்சல்.

குடிக்கத் தொடங்குகிறவர் முதல் சில நாள் இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் போகாமல், வயிறு பழகியபின் ஒரு டம்ளருக்கு வரலாம். பாலில் உள்ள லாக்டோஸில் ஒரு பகுதி புளிக்கும்போது குறைந்துவிடுவதால் பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு இது ஒத்துக்கொள்கிறது, ஆனால் லாக்டோஸ் முழுவதும் போய்விடுவதில்லை. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. ஈஸ்ட் இருப்பதால் மிகச் சிறிய அளவில் சாராயச்சத்தும் உண்டாகிறது; நேரம் கூடக் கூட அதுவும் கூடும். மதுவை முற்றாக விலக்கியவர்கள் இதை அறிந்தே முடிவு செய்யட்டும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கைக்குழந்தைக்கு மட்டிப்பழத்தை மசித்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தாலும், அதில் கெஃபிரைக் கலந்து ஊட்ட வேண்டாம்.

அடுக்களையில்

கெஃபிர் கைவசமானதும், தயிர் போகும் இடத்திலெல்லாம் அதை ஊற்றிப் பார்க்கும் ஆசை வரும். இரண்டு உண்மைகளை மனத்தில் வைத்தால் பால் வீணாகாது. ஒன்று, கொதித்தால் உள்ளிருக்கும் உயிர்கள் எல்லாம் மடிந்து ருசி மட்டும் மிஞ்சும். வயிற்றுக்கு நல்லது என்று ஊற்றுபவர்கள் வேகாத பண்டத்தில்தான் ஊற்ற வேண்டும். மற்றொன்று, இது ஏற்கெனவே புளித்துத் திரிந்த பால் என்பதால், சூடு பட்டதும் விரைவாகத் திரிதிரியாகப் பிரியும். இந்தப் பிரிவைச் சமாளிக்கும் வித்தை, தேங்காய் அரைத்து வைக்கும் மோர்க்குழம்பான நம் புளிசேரிக்குள் முன்பே இருக்கிறது.

புளிசேரிக்கு, கால் கிலோ தடியங்காயை (வெள்ளைப்பூசணி) மஞ்சள்பொடியும் உப்பும் இட்டுக் குறைந்த நீரில் வேக வையுங்கள். அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், மூன்று பச்சைமிளகாய் இவற்றை வெண்ணெயாக அரைத்து அதில் சேர்த்துப் பச்சை வாசம் போகக் கொதிக்க விட்டு, தீயை மிகக் குறைத்துவிடுங்கள். அதற்கு முன்பே 400 மில்லி கெஃபிரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, குளிர்ச்சி போன பிறகு மத்தால் நன்றாகக் கடைந்து வைத்திருக்க வேண்டும். அடுப்பில் உள்ள குழம்பிலிருந்து ஒரு அகப்பை எடுத்து முதலில் கெஃபிரில் கலந்து, பிறகு எல்லாவற்றையும் சட்டியில் ஊற்றி, கைவிடாமல் கிளறுங்கள். ஓரத்தில் நுரை கட்டிப் பதைந்து வரும்போது, கொதி வருவதற்கு முன்பே, இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகும் மண்சட்டியின் சூடு குழம்பைக் கொதிக்க வைக்கக்கூடும் என்பதால் இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், வற்றல்மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் ஆயிற்று. நேரம் தவறிப் புளித்துப்போன கெஃபிருக்கு இதைவிட நல்ல போக்கிடம் இல்லை. பழுத்த மாங்காயோ நேந்திரம்பழமோ போட்டு வைக்கும் இனிப்புப் புளிசேரிக்கு அந்தக் கடும்புளிப்பு மிகவும் பொருந்தும்.

ஆப்பம் இரண்டாவது. கள் ஊற்றி மாவு புளிக்க வைத்த ஆப்பத்தின் நினைவு இங்கே பலருக்கு உண்டு. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் இப்போது பெரும்பாலும் கடை ஈஸ்ட்டுதான். கெஃபிரிலும் ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் அது அந்த வேலையை ஓரளவு செய்யும். இரண்டு டம்ளர் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊற வைத்து, ஒரு கப் தேங்காய்த் துருவலும் அரை டம்ளர் சோறும் சேர்த்து அரைக்கும்போது, தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதிலாக 100 மில்லி கெஃபிரை ஊற்றுங்கள். மூடி வைத்து நன்றாக வாயு ஏறிய கெஃபிராக இருந்தால் மேல். ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்து, எட்டு முதல் பத்து மணி நேரம் புளிக்க விட்டு, சுடுவதற்கு முன் உப்புச் சேருங்கள். ஓரம் சரிகைபோலப் பொரிந்து நடு பஞ்சுபோல எழும்பும். ஆனால் கள் ஆப்பத்தின் அத்தனை துளை இதில் விழாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மணத்தில் மட்டும் கடை ஈஸ்ட்டை இது நிச்சயம் வெல்லும்.

வேகாத பண்டங்களில் வெள்ளரிக்காய்க் கிச்சடிக்குக் கெஃபிர் பொருந்தும்: தேங்காயோடு கடுகை அரைத்துச் சேர்த்த வெள்ளரிக்காய் நன்றாக ஆறிய பின், துணியில் ஒரு மணி நேரம் வடிய விட்ட கெட்டிக் கெஃபிரைக் கலக்க வேண்டும். சம்பாரத்துக்கு (நீர்மோர்) ஒரு பங்கு கெஃபிருக்கு இரண்டு பங்கு குளிர்ந்த நீர், நசுக்கிய இஞ்சி, காந்தாரி மிளகாய், கிள்ளிய நாரத்தை இலை, உப்பு. இவை போதும், பெருங்காயம் இதன் மணத்தோடு சண்டை போடும். பழங்கஞ்சியில் மோருக்குப் பதில் இதை ஊற்றி, உள்ளியும் (சின்ன வெங்காயம்) காந்தாரியும் கடித்துக்கொண்டு சாப்பிடுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. ஒருமுறை செய்து பார்த்தால் போதும்.

நாட்டுக்கோழியின் இறுக்கத்தைக் கெஃபிரின் புளிப்பு தளர்த்தும் என்பது உண்மைதான். ஒரு கிலோ கறிக்கு 150 மில்லி கெஃபிர், மஞ்சள்பொடி, உப்பு, நசுக்கிய நல்லமிளகு சேர்த்துப் பிசிறி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்; வெளியே வைக்கக் கூடாது. பிராய்லர் கோழிக்கு இரண்டு மணி நேரமே போதும். குழம்பில் தக்காளியை விட்டுவிடுங்கள், புளிப்பு முன்பே ஏறியிருக்கும். மீன்குழம்பில் மட்டும் இதைக் கலக்காதீர்கள். புளியும் மாங்காயும் கொடம்புளியும் இருக்கிற ஊரில் அதற்கு அவசியமே இல்லை என்பது என் கருத்து.

மிஞ்சிய கெஃபிரைத் துவர்த்தில் கட்டி, பாத்திரத்தின் மேல் தொங்கவிட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குள் எட்டு மணி நேரம் வைத்தால் உப்புப் போட்டுத் தோசையில் தடவித் தின்னத்தக்க மெத்தென்ற பாலாடைக்கட்டி கிடைக்கும். கீழே இறங்கும் மஞ்சள் நீரைச் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தலாம். அதற்கும் மிஞ்சியதை நிறையத் தண்ணீர் கலந்து கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றுங்கள்; புளித்த மோர் ஊற்றி வளர்த்த வீடுகளில் இது புதுப் பழக்கமல்ல.

தேங்காய் மிகுந்த ஊராயிற்றே, தேங்காய்ப்பாலில் ஆகுமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஆகும். ஒன்றாம்பாலும் இரண்டாம்பாலும் கலந்த பாலில் மணியைப் போட்டு எட்டு மணி நேரம் வைத்தால் புளிப்பு ஏறும். பசும்பாலைப்போல அது கட்டியாகாது. மணி வளர்வது பாலின் லாக்டோஸில்தான் என்பதால், தேங்காய்ப்பாலில் ஒருநாள் வைத்தால் அடுத்த நாள் அதைப் பசும்பாலுக்குத் திருப்பிவிட வேண்டும். தொடர்ந்து தேங்காய்ப்பாலிலேயே வைத்திருந்தால் மணி மெலிந்துபோகும். இதற்கென மிஞ்சிய மணியில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஊருக்குப் போகும்போதும், மணி பகிரும்போதும்

ஒரு வாரம், பத்து நாள் வெளியூர் போவதானால், மணியை 500 மில்லி புதுப்பாலில் போட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம். திரும்பியதும் முதல் ஒன்றிரண்டு குப்பி மந்தமாக வரும், பிறகு தேறிவிடும். அதைவிட நீண்ட காலத்துக்கு மணியை நிழலில் உலர்த்தி வைக்கச் சொல்வார்கள். நம் மழைக்காலத்தில் அது உலர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. பாலில் அலசி, துணியில் ஒற்றி, பால்பொடியில் புரட்டி, சிறு டப்பாவில் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் வரை தாங்கும். எடுத்தபின் உலர்ந்த மணியைப் போலவே எழுப்ப வேண்டும்.

பெருகிய மணியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது வெறும் மணியைத் துணியில் முடிந்து கொடுக்காதீர்கள். ஒரு தேக்கரண்டி மணி மூழ்கும் அளவுக்குப் பாலோடு சிறு குப்பியில் போட்டு, கடைசியாகப் பால் மாற்றிய நாளையும் நேரத்தையும் மூடியில் எழுதிக் கொடுங்கள். பஸ்ஸில் மார்த்தாண்டம் வரை போக வேண்டியதென்றால் மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தி, குப்பியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.